கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்று இருந்தும் பிப்பெராசிலின்-டாசோபாக்டமை ஏன் மாற்றினார்கள்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரகத் தொற்று ரத்தத்தில் கலந்து ஐசியுவில் சேர்த்திருக்கிறீர்கள். சேர்த்த அன்றே பிப்பெராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே வான்கோமைசின். மூன்றாம் நாள் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற பாக்டீரியா வந்தது, இஎஸ்பிஎல் (மருந்தை உடைக்கும் நொதி) பாசிட்டிவ். பிப்பெராசிலின்-டாசோபாக்டத்துக்கு நேராக ‘எஸ்’, அதாவது சென்சிட்டிவ். அப்படி இருந்தும் மருத்துவர் மெரோபெனம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றிவிட்டார். இதற்கிடையில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு 1.1-லிருந்து 1.7-க்கு ஏறிவிட்டது. “இது என்ன மருந்து?” என்றும், டெஸ்ட் டோஸ் பற்றியும், வீட்டில் ஊசியைத் தொடரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கேள்விகள் வேறு: கேட்கிற மருந்தை நிறுத்தியது பில்லை ஏற்றவா, கிட்னி கெட்டது இந்த மருந்தாலா, ஒரு டோஸை நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டது சரியா. கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அப்பாவின் சிகிச்சை சரி, தவறு என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. மருந்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். அதை வைத்து மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

பிப்பெராசிலின் பென்சிலின் குடும்பத்து மருந்து. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதங்களில் போய் ஒட்டி அந்த வேலையை நிறுத்திவிடும். சுவர் பலவீனமான கிருமி வெடித்துச் சாகும். இதிலிருந்து தப்பிக்கப் பல கிருமிகள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, மருந்து மூலக்கூறின் வளையத்தையே உடைத்துவிடுகின்றன. அந்த நொதியை முடக்கத்தான் டாசோபாக்டம். கிருமியைக் கொல்லும் சக்தி தனியாக அதற்கு அனேகமாகக் கிடையாது. நொதியில் போய் மாட்டிக்கொண்டு, நொதியையும் முடக்கித் தானும் அழிந்துபோகும். 4.5 கிராம் குப்பியில் பிப்பெராசிலின் 4 கிராம், டாசோபாக்டம் வெறும் 500 மில்லிகிராம். எட்டுக்கு ஒன்று என்ற விகிதம். அமெரிக்காவில் 1993-ல் அனுமதி பெற்ற காலத்திலிருந்து விகிதம் இதுதான். நொதி குறைவாக இருந்தால் அந்த 500 மில்லிகிராம் போதும். நொதி மிகுதியாக இருந்தாலோ, டாசோபாக்டத்துக்கு மசியாத வகையாக இருந்தாலோ, 4 கிராம் பிப்பெராசிலினும் வீண். உங்கள் முதல் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதல் நாளில் இதைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். செப்டிக் ஷாக் (தொற்றால் பிபி அபாயமாக இறங்கும் நிலை) என்றால் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். எந்தக் கிருமி என்று தெரியாத அந்த நேரத்தில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், குடலில் இருக்கும் காற்றில்லாச் சூழல் கிருமிகள், என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்று ஒரே மருந்தில் இவ்வளவையும் பிடிக்கக்கூடியவை அதிகம் இல்லை. எம்ஆர்எஸ்ஏ (பென்சிலின் வகை மருந்துகளுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி) இதற்குக் கட்டுப்படாது. அதனால்தான் பல ஐசியுக்களில் வான்கோமைசினையும் சேர்த்துத் தொடங்குகிறார்கள். கல்ச்சரில் ஈ.கோலை மட்டும்தான் என்று தெரிந்தபின் வான்கோமைசினுக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் பதிவில் அதை நிறுத்தினார்களா என்று இல்லை. நாளை ரவுண்ட்ஸில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுவே.

இனி அந்த ‘எஸ்’. இஎஸ்பிஎல் என்பது செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளையும் உடைக்கக்கூடிய நொதி. சோதனைக்கூடத்தில், டாசோபாக்டம் அளவை லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று நிலையாக வைத்துக்கொண்டு, பிப்பெராசிலினைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் கிருமி வளர்வது நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்தான் எம்ஐசி. சோதனையில் எடுத்துக்கொள்ளும் கிருமி கொஞ்சம். அப்பாவின் சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருந்தால் அங்கே இருப்பது அதைப்போலப் பன்மடங்கு. கிருமி பெருகப் பெருக நொதியும் பெருகும், டாசோபாக்டம் தீர்ந்துபோகும். இன்னொரு சிக்கலும் உண்டு. இஎஸ்பிஎல் சுரக்கும் ஈ.கோலைகளில் கணிசமானவை கூடவே ஓக்ஸா-1 என்ற இன்னொரு நொதியையும் வைத்திருக்கும். டாசோபாக்டம் அதைச் சரியாக முடக்காது. அப்படிப்பட்ட கிருமியின் எம்ஐசி பெரும்பாலும் 8, 16 என்று எல்லைக்கோட்டிலேயே நிற்கும். ஒரே கிருமியை இன்று சோதித்தால் ‘எஸ்’, நாளை சோதித்தால் வேறு என்று வரக்கூடிய இடம் அது.

இதை நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்த ஆய்வு மெரினோ, 2018-ல் வெளியானது. ரத்தத்தில் செஃப்ட்ரியாக்ஸோனுக்குக் கட்டுப்படாத ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ இருந்து, ரிப்போர்ட்டில் பிப்பெராசிலின்-டாசோபாக்டத்துக்குச் சென்சிட்டிவ் என்றும் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 30 நாளில் இறந்தவர்கள், மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 சதவீதம், பிப்பெராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 சதவீதம். இதற்கு ஆட்சேபம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இறந்தவர்களில் பலருக்குப் புற்றுநோய் போன்ற பெரிய நோய்கள் ஏற்கெனவே இருந்தன. மருந்தை அரை மணி நேர டிரிப்பாகத்தான் கொடுத்தார்கள். கிருமிகளை இன்னும் துல்லியமான முறையில் மறுபடி சோதித்தபோது சில உண்மையில் சென்சிட்டிவே இல்லை. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் சுருங்குகிறது, ஆனால் முழுதாக மறைந்துவிடவில்லை. சோதனைக்கூட அளவுகோலை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐயும் 2022-ல் ஈ.கோலை குடும்பத்துக்கான ‘எஸ்’ வரம்பை 16-லிருந்து 8-ஆகக் குறைத்தது. உங்கள் ரிப்போர்ட்டில் எம்ஐசி எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். 16 என்று இருந்து ‘எஸ்’ போட்டிருந்தால் அந்த லேப் இன்னும் பழைய அளவுகோலையே வைத்திருக்கிறது என்று பொருள்.

ஆகவே, ரத்தத்தில் இஎஸ்பிஎல் ஈ.கோலை என்று வந்தபின் மெரோபெனத்துக்கு மாற்றியது இன்றைய வழிகாட்டுதல்களுக்கு ஒத்த முடிவு. வெறும் சிறுநீர்ப்பைத் தொற்றாக இருந்து, பழைய மருந்திலேயே காய்ச்சல் விட்டிருந்தால் மாற்றத் தேவையில்லை. அங்கே மருந்து சிறுநீரில் செறிவாகச் சேரும். சிறுநீரகத்திலிருந்து ரத்தத்துக்குப் போய், நோயாளி நன்றாகத் தேறிவரும் நிலையில் என்ன செய்வது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஐசியுவில் இருப்பவர் விஷயத்தில் யாரும் அந்த ரிஸ்க்கை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. பில் பற்றி: முன்பு நாளுக்கு நாலு குப்பி, மெரோபெனம் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் மூன்று குப்பி. இரண்டிலும் கம்பெனிக்குக் கம்பெனி விலை பெரிதாக மாறும். மாற்றத்துக்குப் பின்னால் பணம்தான் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். ஒரு எச்சரிக்கை: அப்பா வலிப்புக்காக வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் உடனே சொல்லுங்கள். மெரோபெனம் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் சடசடவென்று இறக்கி, வலிப்பை வரவழைத்துவிடும்.

நாலு மணி நேர டிரிப் விஷயம். இந்த வகை மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு உச்சத்துக்குப் போகிறது என்பது முக்கியமில்லை. எம்ஐசிக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் உடலில் பிப்பெராசிலின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அரை மணியில் ஓட்டினால் அடுத்த டோஸ் வருவதற்குள் ரத்தத்தில் வடிந்திருக்கும். நாலு மணி நேரம் ஓட்டினால் மட்டம் தாங்கும். இது மருந்தியலில் சந்தேகமில்லாத விஷயம். உயிர் காப்பதில் எவ்வளவு வித்தியாசம் என்பது அவ்வளவு தெளிவில்லை. 2024-ல் வந்த பிளிங்-3 என்ற பெரிய ஐசியு ஆய்வில், நாள் முழுக்கத் தொடர் டிரிப்பாகப் பெற்றவர்களில் 90 நாளில் 24.9 சதவீதமும், விட்டுவிட்டுப் பெற்றவர்களில் 26.8 சதவீதமும் இறந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. மற்ற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தபோது நீண்ட டிரிப்பின் பக்கமே தராசு சாய்ந்தது. என் கருத்தில், ஐசியுவில் நீண்ட டிரிப் நல்ல பழக்கம். ஒரே நிபந்தனை, முதல் டோஸ் மட்டும் அரை மணியில் ஏற வேண்டும். முதல் டோஸையே நாலு மணி நேரம் இழுத்தால், மருந்து மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் ரத்தத்தில் மட்டம் ஏறாமல் கிடக்கும்.

இந்த மருந்தில் தவறு நடப்பது பெரும்பாலும் கலக்கும் மேசையிலும் டிரிப் செட்டிலும்தான். 4.5 கிராம் பொடிக்கு 20 மில்லி ஊசிக்கான நீர் அல்லது சலைன். ஊற்றிவிட்டு உள்ளங்கையில் வைத்துச் சுழற்ற வேண்டும். விடாமல் சுழற்றினாலும் முழுதாகக் கரைய 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். அவசரத்தில் குலுக்கினால் நுரைதான் வரும்; நுரைக்கு அடியில் கரையாத பொடி இருப்பது கண்ணுக்குத் தெரியாது, மருந்தின் ஒரு பகுதி குப்பியிலேயே தங்கிவிடும். கரைசல் நிறமில்லாமல் அல்லது லேசான மஞ்சளாக, துகள் இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். அதை 100 மில்லி சலைனில் சேர்த்தால் மொத்தம் சுமார் 120 மில்லி. டிரிப் முடிந்ததும் பாட்டில் காலியாகத் தெரியும், ஆனால் குழாயில் 15 மில்லி நின்றுகொண்டிருந்தால் அது டோஸில் எட்டில் ஒரு பங்கு: அரை கிராம் பிப்பெராசிலின். அந்த செட்டை அப்படியே கழற்றிக் குப்பையில் போட்டால் ஒரு நாளைக்கு நாலு முறை அரை அரை கிராம் போகிறது, நாள் முடிவில் பாதிக் குப்பி. டிரிப் முடிந்ததும் கொஞ்சம் சலைன் விட்டு அதே வேகத்தில் குழாயைக் கழுவிவிட்டால் தீர்ந்தது.

எதோடு சேர்க்கக்கூடாது என்பதும் முக்கியம். அமிகாசின், ஜென்டாமைசின் போன்றவற்றை ஒரே பாட்டிலில் கலந்தால் அவை செயலிழந்துவிடும். தனித்தனியாக, இடையில் லைனைக் கழுவிவிட்டுக் கொடுக்க வேண்டும். வான்கோமைசினும் ஒரே லைனில் சந்தித்தால் வெள்ளையாகத் திரியக்கூடும். ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவத்தோடு ஒத்துப்போகும்படி இடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்துத் தயாரித்த வகை ஒன்று இருக்கிறது. எல்லாக் கம்பெனிக் குப்பியும் அந்த வகை இல்லை. அட்டையில் அப்படிப் போட்டிருந்தாலொழிய ரிங்கர் லாக்டேட் ஓடும் லைனில் விடக்கூடாது.

கிட்னிக்கு வருவோம். 1.1 என்பது 1.7 ஆனது ஒதுக்கிவிடக்கூடிய மாற்றம் இல்லை. காரணம் என்று சந்தேகிக்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன: தொற்றே சிறுநீரகத்தைத் தாக்கும், பிபி இறங்கியிருந்தால் ரத்த ஓட்டம் குறையும், கல்லோ புராஸ்டேட் வீக்கமோ அடைத்திருக்கலாம், சாயம் ஏற்றி சிடி எடுத்திருக்கலாம், வான்கோமைசின் அளவு கூடியிருக்கலாம். வான்கோமைசினோடு பிப்பெராசிலின்-டாசோபாக்டம் சேர்ந்தால் கிரியேட்டினின் அதிகம் ஏறுவதாகப் பழைய தரவுகளை அலசிய பல ஆய்வுகள் சொல்கின்றன. உண்மையிலேயே சிறுநீரகம் சேதமாகிறதா, அல்லது கிரியேட்டினின் சிறுநீரில் வெளியேறும் ஒரு பாதையை மருந்து அடைப்பதால் எண் மட்டும் ஏறுகிறதா என்பது தீராத விவாதம். 2023-ல் வெளியான ஏகார்ன் ஆய்வில் 2,500-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பிப்பெராசிலின்-டாசோபாக்டத்தை செஃபெபிம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானோர் வான்கோமைசினும் பெற்றவர்கள். சிறுநீரகச் சேதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இந்த ஆய்வின் மேல்தான் நம்பிக்கை அதிகம். யூரியாவும் கூடவே ஏறுகிறதா, சிறுநீர் அளவு குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து கிரியேட்டினின் மட்டும் ஏறியிருந்தால் கொஞ்சம் ஆறுதல்.

சிறுநீரகம் மந்தமானால் டோஸும் மாறும். அப்பாவின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், வழக்கமான காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி 1.1-ல் கிளியரன்ஸ் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு) சுமார் 54, 1.7-ல் சுமார் 35. பிப்பெராசிலின்-டாசோபாக்டத்துக்கு 40-க்கு மேல் முழு டோஸ். 20 முதல் 40 வரை 2.25 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 20-க்குக் கீழே 2.25 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. நிமோனியா போன்ற சில தொற்றுகளுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல். மெரோபெனம் 26 முதல் 50 வரை 1 கிராம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆகவே நாளுக்கு மூன்று முறைக்குப் பதிலாக இரண்டு முறை மட்டும் போட்டால் நர்ஸ் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அதே சமயம், முதல் இரண்டு நாளில் கிரியேட்டினினைப் பார்த்து அவசரமாக டோஸைக் குறைப்பதும் ஆபத்து. தொற்றால் வந்த பாதிப்பு பலருக்கு 48 மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். அந்த நேரத்தில் மருந்து குறைந்துபோனால் தொற்றுதான் ஜெயிக்கும். முதல் நாள் முழு டோஸ் போட்டிருந்தால் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு கணக்கு: 4.5 கிராம் குப்பி ஒன்றில் சோடியம் சுமார் 260 மில்லிகிராம், அதோடு 100 மில்லி சலைனில் சுமார் 350. நாளுக்கு நாலு டோஸ் என்றால் 2.4 கிராம் சோடியம், உணவே இல்லாமல். பொட்டாசியமும் இறங்கலாம். பத்து நாளுக்கு மேல் நீண்டால் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையக்கூடும். பேதி கடுமையானால் குளோஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊசிக்கு முன் கையில் போடும் ‘டெஸ்ட் டோஸ்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிகிச்சைக் குப்பியிலிருந்தே துளி எடுத்துத் தோலில் போடும் அந்தச் சோதனைக்கு, ஒவ்வாமை வராது என்று உறுதிசொல்லும் தகுதி கிடையாது. தடிக்கவில்லை என்பதால் பயமில்லை என்றாகாது. பென்சிலின், அமாக்சிசிலின் எதற்காவது முன்பு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்ததா என்ற கேள்விதான் உண்மையான சோதனை. “சின்ன வயசில் ஊசி ஒத்துக்கலை” என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு முறையாகப் பரிசோதித்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. ஆனால் அதை விசாரித்து முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

எந்த மருந்தாக இருந்தாலும், அடைப்பு இருக்கும் சிறுநீரகத்தில் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. கல் அடைத்திருந்தால் டிஜே ஸ்டென்ட்டோ (சிறுநீர்ப் பாதைக்குள் வைக்கும் மெல்லிய குழாய்) முதுகுவழிக் குழாயோ போட்டு வடித்தால்தான் காய்ச்சல் இறங்கும். மெரோபெனம் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்தும் காய்ச்சல் நிற்காவிட்டால், மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன் ஸ்கேனைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகப் போனால் ரத்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் 7 நாள் போதும். 2024-ல் வந்த பேலன்ஸ் ஆய்வில் 14 நாள் சிகிச்சையைவிட 7 நாள் சிகிச்சையின் பலன் குறைந்துபோகவில்லை. சீழ்கட்டி இருந்தாலோ அடைப்பு தீராமல் இருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது.

கடைசியாக, டிஸ்சார்ஜ் ஆனபின் வீட்டில் நர்ஸை வைத்து ஊசியைத் தொடரலாமா என்ற கேள்வி. பிப்பெராசிலின்-டாசோபாக்டத்துக்கும் மெரோபெனத்துக்கும் மாத்திரை வடிவம் கிடையாது. ஆனால் ரிப்போர்ட்டில் கோட்ரைமாக்ஸசோலுக்கோ சிப்ரோஃப்ளாக்சசினுக்கோ ‘எஸ்’ இருந்து, காய்ச்சல் விட்டு, வாயால் சாப்பிட ஆரம்பித்துவிட்டால், மீதி நாட்களை மாத்திரையிலேயே முடிக்கலாமா என்று கேளுங்கள். கிரியேட்டினின் ஏறியிருப்பதால் கோட்ரைமாக்ஸசோல் என்றால் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். அது முடியாது, ஊசியேதான் என்றால், நாளுக்கு ஒருமுறை போட்டால் போதுமான எர்டாபெனம் இஎஸ்பிஎல் ஈ.கோலைக்குக் கேட்கும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியை வீட்டில் போடுவதைவிட அது நடைமுறைக்கு எவ்வளவோ எளிது. முதல் டோஸை மட்டும் மருத்துவமனையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.